மஞ்சப்பாவாடை

நவம்பர் 4, செவ்வாய்

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம், அப்பாவிடம் வேண்டாம், நாச்சிமுத்துப் பெரியப்பாவிடம் வேண்டவே வேண்டாம். படித்தே தீருவேன் என்றால் படித்துவிட்டு விறகடுப்பில் போட்டுவிடுங்கள். ஏன் போட்டீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

நான் இந்துமதி. பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. எங்கள் வீடு வெள்ளகோவிலுக்குத் தெற்கே, ஊரைவிட்டுத் தள்ளி, கொறங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கொறங்காடு என்றால் உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். படலைச் சாத்திவிட்டால் மாடும் ஆடும் இரவு பகலாக உள்ளேயே கிடக்கும். நிலம் பெரியப்பாவுடையது. அப்பா குத்தகைக்கு எடுத்திருக்கிறார்.

என் அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. பங்குனியில் வெண்ணிலா அக்கா வீட்டைவிட்டுப் போன மறுநாள் அப்பா திருப்புளி எடுத்து வந்து கழற்றிவிட்டார். அன்றிலிருந்து யாரும் தட்டுவதில்லை, தள்ளித் திறக்கிறார்கள். அதனால் டார்ச்சைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் சாதி இல்லை. பெரியப்பா ஆள் வைத்துத் தேடுகிறார். கிடைத்தால் இரண்டு பேரையும் என்ன செய்வார் என்று எங்கள் வாசலில் நின்று உரக்கச் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தைகளை எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கிறவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை. சாணி அள்ளி முடிப்பதற்குள் பள்ளிப் பேருந்து போய்விட்டது. நடந்து போனேன்.

நவம்பர் 8, சனி

மழை விட்டு வெயில் வந்ததும் காடு முழுக்க வெட்டுக்கிளி. இத்தனை நான் பார்த்ததில்லை. புல்லில் கால் வைத்தால் நாலு பக்கமும் எழும்பி, மஞ்சளாய் ஒரு வெட்டு வெட்டி, பத்தடி தள்ளி விழுந்து மண்ணோடு மண்ணாகிவிடுகின்றன. உண்ணிக்கொக்குகளுக்குக் கொண்டாட்டம். மாட்டுக் கால்களுக்கு நடுவிலேயே நடந்து கொத்துகின்றன.

இதற்கு மஞ்சப்பாவாடை என்று பேர். அக்கா சின்ன வயதில் வைத்தது. ஒன்றைப் பிடித்து மேலே வீசுவாள். அது உள்சிறகை விரித்ததும், "பாவாட விரிச்சுட்டா பாரு, பாவாட விரிச்சுட்டா பாரு" என்று காட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவாள். நானும் பின்னால் ஓடுவேன். வேறு யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

மத்தியானம் பெரியப்பா வந்தார். படலைக் காலால் எத்திக்கொண்டே வந்தார்.

"ஏண்டா சென்னியப்பா, காட்டுல என்ன வளத்தற? மாடா, வெட்டுக்கிளியா?"

அப்பா துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மழைக்கு வந்திருக்குதுங்ண்ணா."

"மழைக்கு வந்துதாமா. டிவில பாக்கலையா நீ? வடக்க வந்து ஊரையே மொட்டையடிச்சுப்போட்டுப் போச்சே, அதுவும் மஞ்சத்தான், இதுவும் மஞ்சத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் என்ற மக்காச்சோளம் கதிர் வாங்கி நிக்குது. இது றெக்க முத்தித் தாண்டுச்சுன்னா நான் கதிரில்லாத வெறுந்தட்டத்தான் அறுக்கோணும்."

"என்ன பண்ணலாமுங்ண்ணா?"

"மருந்தடி. காடு முச்சூடும். மருந்து நான் வாங்கித் தாரேன்."

"மாடு கன்னு திங்கற புல்லுங்களே…"

"பதினஞ்சு நாளைக்கு எங்காச்சு ஓட்டிக் கட்டு. உன்ற மூத்தவ பண்ணுன காரியத்துல நான் தல குனிஞ்சது பத்தாதா? இப்ப வெள்ளாமையவும் உட்டுட்டு நிக்கோணுமா?"

அப்பா தலையாட்டினார். அக்கா போனதிலிருந்து அப்படித்தான். பெரியப்பா அந்தப் பேச்சை எடுத்தால் போதும், அப்பா எதற்கும் தலையாட்டுவார்.

பதினைந்து நாள் எங்கே ஓட்டுவது? மயிலைப் பசு நிறைமாதம். செம்மறிக் குட்டிகள் பிறந்து வாரம்கூட ஆகவில்லை. விரட்டிவிட்டாலும் வேலி இடுக்கில் நுழைந்து மேயத்தான் வரும்.

அம்மா மாவாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னிடம், "பானு எப்பிடியிருக்கறா?" என்றாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். அம்மாவுக்கு ஏன் அடிக்கடி பானு நினைப்பு என்று தெரியவில்லை. முன்பெல்லாம் என் வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது.

நவம்பர் 10, திங்கள்

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மூச்சு முட்டுகிறது.

பானு என்னோடு பேருந்தில் வருகிறாள். தையல்கடை வைத்திருக்கும் அவள் அம்மாவின் போன் சில நாள் அவளிடம் இருக்கும். அதற்கு அக்கா எப்போதாவது குரல் பதிவு அனுப்புவாள். பின்சீட்டில் காதோடு வைத்துக் கேட்பேன். கேட்டதும் பானு அழித்துவிடுவாள். எனக்குப் போன் கிடையாது, பங்குனியிலேயே வாங்கிவிட்டார்கள்.

இன்று டிபன் டப்பாவில் ஒரு மஞ்சப்பாவாடையைக் கொண்டுபோனேன். பானு படம் எடுத்தாள். சிறகை விரித்துப் பிடிக்கச் சொன்னால் அலறுகிறாள். "அய்யோ, ஒதைக்குதுடி! சோத்து டப்பால போய் இதையப் போட்டுருக்கறயே, நாளைக்கு இதுல எனக்குப் புளிசாதம் நீட்டுன, பாத்துக்க" என்றாள். வெகுநாள் கழித்துச் சிரித்தேன். பிறகு முன்சீட்டில் பெரியப்பாவின் தறிக்குடோனில் வேலை செய்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. ஆனாலும் டப்பாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அந்தப் படத்தோடு அக்காவுக்குக் குரல் பதிவும் அனுப்பினேன். "இது டிவியில் வர்றதா இல்லையா? மருந்தடிக்கப் போறாங்கக்கா. சீக்கிரம் சொல்லு." அவ்வளவுதான். அக்கா கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அவளைவிட்டால் கேட்பதற்கு எனக்கு யாரும் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பானு வரவில்லை. காய்ச்சலாம்.

நவம்பர் 13, வியாழன்

பதில் வந்தது. அக்கா குரல் கரகரவென்று, தூங்காதவள் குரல் மாதிரி இருந்தது. பாடம் நடத்துவதுபோல வரிசையாகச் சொன்னாள். நினைவிருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

பாலைவன வெட்டுக்கிளி முற்றினால் உடம்பே மஞ்சளாகும். உள்சிறகில் பட்டை இருக்காது. நம்முடையதற்கு உடம்பு பச்சை அல்லது மண் நிறம். மஞ்சள் எல்லாம் மடித்து வைத்த உள்சிறகில்தான். அதைச் சுற்றிக் கரும்பட்டை.

தலைக்குப் பின்னால் முதுகில் கூரை முகடு மாதிரி ஒரு மேடு இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தொண்டை. மல்லாத்திப் பிடித்து முன்னங்கால்களுக்கு நடுவே பார்க்க வேண்டும். பாலைவன வெட்டுக்கிளிக்கு அங்கே முளை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். நம்முடையதற்கு வழவழவென்றுதான் இருக்கும். "கண்ணுல பாக்கவே வேண்டாம் இந்து. வெரல வெச்சுத் தடவுனாலே தெரியும்."

குஞ்சுகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே திசையில் நடக்கின்றனவா, இல்லை ஆளுக்கொரு பக்கம் குதிக்கின்றனவா என்றும் பார்க்கச் சொன்னாள்.

"காஸ்ட்ரிமார்கஸ்னு பேரினம். எந்த இனம்னு படத்த வெச்சு அடிச்சுச் சொல்லமாட்டேன், கைல வெச்சுப் பாக்கோணும். ஆனா இது புல்லுக்காட்டுலயே பொறந்து புல்லுக்காட்டுலயே சாகற பூச்சி. மருந்தடிச்சா கொக்கும் கரிச்சானும் அதையத் தின்னுட்டுச் சாகும். அப்பாகிட்டச் சொல்லு." பிறகு, "நாஞ் சொன்னேன்னு சொல்லீராத" என்றாள்.

அவள் பேசி முடிக்கும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறாள் என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அது என்ன சத்தம் என்று இங்கே எழுதமாட்டேன். தெரியாமல் இருந்தபோது பயம் கொஞ்சம் குறைவாக இருந்தது. இனிமேல் யாராவது அடித்துக் கேட்டால் என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது.

நவம்பர் 15, சனி

காலையில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால். பிறகு காட்டுக்குள் போனேன்.

பிடித்தவை எல்லாவற்றையும் மல்லாத்தித் தடவினேன். ஒன்றிலும் முளை இல்லை. தொண்டை நகத்தைப் போல வழவழப்பு. பின்னங்காலின் கீழ்த்துண்டு சிவப்பு. ஒன்று என் விரலில் பழுப்பாய் எச்சில் துப்பியது. குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு வரவில்லை, தோளில் மொட்டு மாதிரி இருக்கிறது. ஒரு குஞ்சு புல்தாளில் தலைகீழாகத் தொங்கிச் சட்டை உரித்துக்கொண்டிருந்தது. கிட்டே போனேன், பாதி உரித்தபடி அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் அதற்கு ஓடவும் முடியாது, திரும்ப உள்ளே போகவும் முடியாது. நான் பின்வாங்கி வந்துவிட்டேன்.

கூட்டமாக எதுவும் நடக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம்தான்.

மாடு நடந்து புல் தேய்ந்த தடத்தில் ஒரு பெரிய பெட்டை வாலை மண்ணுக்குள் இறக்கி உட்கார்ந்திருந்தது. வயிறு இரட்டிப்பாக நீண்டு உள்ளே போயிருந்தது. முட்டை வைக்கிறது. நுரையால் மூடிவிட்டுப் போய்விடுமாம். அது காய்ந்து கூடாகி அடுத்த மழைவரை காத்திருக்கும் என்று அக்கா முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். உழுத நிலத்தில் கூடு உடைந்துபோகும். எங்கள் காட்டை யாரும் உழுததில்லை. அதனால்தான் இங்கே இத்தனை.

தலை நிமிர்ந்தால் அம்மா வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"கைல என்ன?"

"பூச்சிங்மா. பள்ளிக்கூடத்துக்கு."

அம்மா கையை நீட்டி வாங்கி, சிறகை விரித்துப் பார்த்துவிட்டுப் பறக்கவிட்டாள். "காச்சல் உட்டுப்போச்சா பானுக்கு?" என்றாள். பானுவுக்குக் காய்ச்சல் என்று நான் வீட்டில் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

மாலை பெரியப்பாவின் வண்டியில் மருந்துக் கேன்கள் வந்து இறங்கின. நீல நிறம். தொழுவத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாளை இல்லை, அதற்கடுத்த ஞாயிறு அடிப்பதாக முடிவு.

நவம்பர் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அப்பா வேலிக்கு முள் வைத்துக்கொண்டிருந்தார். வெறும் கையோடு போய் நின்றேன். அப்பா, இது பாலைவன வெட்டுக்கிளி இல்லீங்கப்பா என்றேன். ஒன்றைப் பிடித்து மல்லாத்தி அவர் விரலை எடுத்துத் தொண்டையில் வைத்தேன். அப்பாவின் விரலைத் தொட்டே எத்தனையோ மாதம் ஆகிறது.

"இங்க முளை இருந்தாத்தானுங்கப்பா அது. இதுக்கில்ல. இது காஸ்ட்ரிமார்கஸ். புல்லுதான் திங்கும், இங்கயேதான் கெடக்கும்." மஞ்சப்பாவாடை என்ற பேர் வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அப்பா அதைத் தன் கையில் வாங்கிச் சிறகை விரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அதற்குள் பின்னால் செருப்புச் சத்தம்.

"என்றா, அப்பனும் மகளும் பூச்சி வெளையாடறீங்க?"

அப்பா, புள்ள என்னமோ சொல்றாளுங்ண்ணா என்றார். நான் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. பெரியப்பா பூச்சியைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தார்.

"இதையெல்லாம் உனக்குச் சொன்னது ஆரு அம்மிணி?"

"டீச்சருங் பெரியப்பா."

"எந்த டீச்சர்?"

"பயாலஜி டீச்சருங்."

"அப்பிடியா? நம்ம பள்ளிக்கூடத்துல இவ்வளவு சொல்லித் தராங்களா?" சிரித்தார். "பூச்சி படிப்பு உன்ற அக்காளோட படிப்பல்லோ? அவ கூடப் பேசிக் கீசி வெக்கற வேல எதும் இல்லையே?"

"இல்லீங்."

"செரி. வெசாழக்கெழம அந்தப் பக்கந்தான் போறேன். டீச்சரையும் பாத்து ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வாரேன்."

அப்பா பூச்சியைக் கீழே விட்டார். அது பறக்கவில்லை, அவர் காலடியிலேயே உட்கார்ந்திருந்தது.

நவம்பர் 17, திங்கள்

இடைவேளையில் டீச்சரிடம் போனேன். பெரியப்பா வந்து கேட்டால், நான்தான் சொல்லித் தந்தேன் என்று மட்டும் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். காரணம் கேட்டார். சொல்ல முடியவில்லை. ஆனால் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன், முகம் மாறிவிட்டது.

"இந்து, உங்க பெரியப்பா ஸ்கூல் கமிட்டியில இருக்காரு. நான் வெளியூர்க்காரி, தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். என்ன இதுல இழுக்காதம்மா."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லும்படி பானுவிடம் சொன்னேன். அக்காவின் எண்ணையும் அழித்துவிடச் சொன்னேன். பானு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. கணக்கு வகுப்பில் தூங்கி வெளியே நின்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பால், சாணி, பள்ளிக்கூடம், சாணி, பால்.

நவம்பர் 19, புதன்

அப்பா வெள்ளகோவில் போய் வந்தார். சைக்கிளில் மாட்டியிருந்த பையை எடுத்து வைக்கச் சொன்னார். தவிட்டுக்கு அடியில் காகிதத்தில் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன். புதுத் தாழ்ப்பாள், ஒரு பொட்டலம் திருகாணி.

பார்த்ததும் புரிந்துவிட்டது. பெரியப்பா டீச்சரைக் கேட்டுவிட்டு வந்ததும் என்னை உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாள் போடப் போகிறார்கள். பள்ளிக்கூடம் அவ்வளவுதான். இருந்தபடியே சுற்றி வைத்துவிட்டேன்.

சாப்பிடும்போது அப்பா திடீரென்று, "அந்த முளை குஞ்சுலயே இருக்குமா, முத்துன பொறவா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியாது. அக்காவைக் கேட்டால் தெரியும்.

நவம்பர் 21, வெள்ளி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து சரியில்லாவிட்டால் மன்னியுங்கள்.

பள்ளியிலிருந்து வந்தபோது பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்பா தொழுவத்துக் கம்பத்தில் சாய்ந்திருந்தார்.

"வா அம்மிணி. டீச்சரப் பாத்தேன். நான் ஒண்ணும் சொல்லித் தரலீங்குது. அப்ப ஆரு சொன்னா?"

பையைக்கூடக் கழற்றவில்லை நான். 

"ஆரோட போனு? அந்தத் தையக்கடைக்காரி புள்ளையோடதா? பஸ்ஸுல பின்சீட்டுல என்ன பேச்சு உங்களுக்கு?"

முன்சீட்டுக்காரர் அன்று திரும்பாமலேயே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அந்தச் சத்தம், அக்கா பேசியபோது கேட்ட சத்தம், என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. ஓர் அடி விழுந்திருந்தால் சொல்லியிருப்பேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், சொல்லியிருப்பேன்.

"நாந்தானுங்ண்ணா சொன்னேன்."

அப்பா.

"நீயா?"

"நாந்தானுங். இது மஞ்சப்பாவாடைங்க. மழைக்கு மழை இந்தக் காட்டுல வரும். இங்கயே மேஞ்சு, இங்கயே முட்ட வெச்சுச் சாகும். தொண்டையில முளை இல்ல பாருங்." பூச்சி ஒன்று அவர் கையில் தயாராக இருந்தது. எப்போது பிடித்தார் என்று தெரியாது. பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா வாங்கவில்லை.

"பின்ன இவ எதுக்கு டீச்சர்னு பொய் சொன்னா?"

"அப்பன் சொன்னான்னா நீங்க கேப்பீங்களா? அதான் சொல்லியிருக்கறா."

"அப்ப மருந்து?"

"என்ற மாடு திங்கற புல்லு. வேண்டாமுங். கேன எடுத்துட்டுப் போயிருங்."

"நாளைக்கு என்ற மக்காச்சோளத்துல ஒரு தட்டு கொறைஞ்சாலும்…"

"நான் குடுத்தர்றேனுங்."

பெரியப்பா எழுந்தபோது நாற்காலி பின்னால் விழுந்தது. "தை வந்தா குத்தக முடியுது, ஞாபகம் வெச்சுக்க. மாட்டைத் தலையில கட்டிக்கிட்டு ரோட்டுல நில்லு" என்றார். அப்பா சரிங்கண்ணா என்றார். ஒரு தடவைகூடத் தலையைக் குனியவில்லை. அவர் போன பிறகு நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மஞ்சப்பாவாடை என்று அப்பா சொன்னார். அக்கா காட்டில் சுற்றி ஓடியபோது அவர் எங்கே இருந்தார்? வேலிக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். ஒருநாளும் கேட்ட மாதிரி காட்டிக்கொண்டதில்லை.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பெரியப்பாவை அனுப்பிவிட்டுத் தானே விசாரிக்கலாம் என்று அப்பா நினைத்திருக்கலாம். நான் அக்காவிடம் பேசுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அது நிச்சயம். தாழ்ப்பாள் பையில் இல்லை, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். நாளைக்கு என்னை உள்ளே வைத்துத் தாழிட்டுவிட்டுப் பானு வீட்டுக்குப் போவார். அதற்குள் இந்த நோட்டை எரித்துவிட வேண்டும். விடிந்ததும் அடுப்பில் போடுவேன். இப்போது எழுந்தால் சத்தம் கேட்கும், அம்மா அப்பா இரண்டு பேரும் இன்னும் தூங்கவில்லை. ஏதோ மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள். அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பானு பேரும் அவள் அம்மாவின் தையல்கடைப் பேச்சும் காதில் விழுந்தன.

பேச்சு நின்றுவிட்டது. அப்பாவின் நடைச் சத்தம்.

கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது. தள்ளவில்லை. இரும்பு ஏதோ தரையில் வைக்கிற சத்தம். திருகாணிகள் உருளுகிற மாதிரி.

தட்டுகிறார்கள்.

இந்த வீட்டில் யாரும் தட்டுவதில்லையே. மறுபடியும், மெதுவாக, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதி